“சினைப்பை” என்ற சொல் பெண்ணுக்கு இழிவா?

தேன்மொழி, ஹலசூரு

வணக்கம். ஒரு சொல்லில் சிக்கி நான்கு நாட்களாகத் தவிக்கிறேன்.

பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்காகத் துண்டறிக்கைகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் பக்கமிருந்து வரும் பெண்களில் பலருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே மொழி தமிழ்தான். “சினைப்பை நீர்க்கட்டி” பற்றிய அறிக்கையை எழுதி, அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்க்கச் சொல்லி ஐந்தாறு பேரிடம் கொடுத்தேன். இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி இரண்டு வரி படித்தாள். தாளை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, “சினை என்பது மாட்டுக்குச் சொல்வது. நான் என்ன மாடா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. குரல் இறங்கிப்போயிருந்தது, அதுதான் என்னை உறங்கவிடவில்லை.

நாளிதழ்கள் எல்லாம் சினைப்பை என்றே எழுதுகின்றன. நானும் வேறொன்றும் நினைக்காமல் எழுதினேன். இந்தச் சொல் உண்மையிலேயே விலங்குக்கு மட்டும் உரியதா? மாற்ற வேண்டுமென்றால் எதை வைப்பது?

சொல்வேலி

தேன்மொழி, நல்ல கேள்வி. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவன். சென்ற வாரம் பாடமே இந்தச் சொல்தான்.

பெயர்ச்சொல் ஆறு வகை: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். சினைப்பெயர் என்றால் உறுப்பின் பெயர். கண், கை, கிளை, இலை எல்லாம் சினை. “வெற்றிலை நட்டான்” என்கிறோம். நட்டது இலையை அல்ல, கொடியை. இலையாகிய சினையின் பெயர் கொடிக்கு ஆகி வந்ததால் அது சினையாகுபெயர். “செங்கால் நாரை” என்பதில் நிறமும் காலாகிய சினையும் நாரையும் அடுத்தடுத்து வருவதால் அது வண்ணச்சினைச்சொல். தொல்காப்பிய மரபியலில் மரத்துக்குரிய சொற்களை அடுக்கும்போது இலை, தளிர், பூ, அரும்பு இவற்றோடு சினையும் வரும். அங்கே அது கிளை.

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைத் திறந்தால் முட்டை, விலங்கின் கருப்பம், மரக்கிளை, உறுப்பு எல்லாம் சினை என்ற ஒரே சொல்லின் கீழ் வருகின்றன. எனக்கு இதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. முதல் எனப்படும் முழுப்பொருளிலிருந்து கிளைத்து வருவது சினை. மரத்திலிருந்து கிளை, உடலிலிருந்து கை, தாயிலிருந்து முட்டை. இது என் எண்ணம். ஆனாலும் இப்படிப் பார்த்தால் சினைப்பை என்பது முட்டை விளையும் பை, அவ்வளவுதான். இதில் மாடு எங்கே வந்தது? சொல்லை மாற்றாதீர்கள். அந்தப் பெண்ணுக்குப் பொருளை எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொரு சான்று. “ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும்” என்று வள்ளுவர் தாயைச் சொல்கிறார். “ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே” என்று புறநானூற்றில் பொன்முடியார் பாடும்போது பேசுபவள் மறக்குடித் தாய். இன்று ஊரில் “ஈன்றது” என்றால் மாடு கன்று போட்டது என்றுதான் பொருள். மேடையிலோ “ஈன்ற தாய்” என்றால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறோம். அந்த ஒரு சொல்லே தொழுவத்திலும் நிற்கிறது, திருக்குறளிலும் நிற்கிறது.

தொழுவத்துக்காரர்

ஐயா சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. நான் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது ஹெப்பாளில் மகன் வீட்டில் இருக்கிறேன். சினை என்ற சொல்லை என்னைவிட அதிகம் சொன்னவர்கள் இந்த இழையில் இருக்க முடியாது.

சினைப் பருவம், சினை ஊசி, சினை பிடித்தது, சினை நின்றது, சினை கலைந்தது, நிறைசினை. ஒரு நாளைக்கு ஐம்பது முறை சொல்லியிருப்பேன். சினை ஊசி என்கிறோமே தவிர அதில் குத்தும் ஊசி எதுவும் கிடையாது. உறைவிந்து நிரப்பிய மெல்லிய குழலை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்து, உடல் சூடுள்ள நீரில் அரை நிமிடம் வைத்து, நீண்ட கருவியில் பொருத்திக் கருப்பை வாயைத் தாண்டிச் செலுத்துவோம். காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். விட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும்.

இரண்டு மூன்று மாதம் கழித்துச் சினை பார்க்கப் போவோம். தோள் வரை கையுறை போட்டுக்கொண்டு, மாட்டின் வாலை ஒருவர் ஒதுக்கிப் பிடிக்க, ஆசனவாய் வழியாகக் கையை விட்டுக் குடல் சுவருக்குக் கீழே கருப்பையைத் தடவிப் பார்ப்பது. வீட்டுக்காரம்மா எதிரில் நின்று என் முகத்தையே பார்ப்பார். “சினைதான் அம்மா” என்று நான் சொன்னதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாட்டின் நெற்றியில் மஞ்சள் பூசிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். அது தலையீற்றுக் கிடேரியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். தொழுவத்தில் சினை என்பது மங்கலச் சொல். அதைக் கேட்டு ஒரு பெண் தலைகுனிந்தாள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவள் தலைகுனியும்படி அந்தச் சொல்லை யாரோ ஆக்கியிருக்க வேண்டும்.

வயல்வெளி

ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை, ஊர் மன்னார்குடி. கதிர் வெளிவருமுன் நெற்பயிரின் தண்டு பருத்து நிற்கும் பருவத்தை எங்கள் பக்கம் “சூல் கட்டியிருக்கிறது” என்போம். அந்த நேரத்தில் தண்ணீர் குறைந்தால் கதிர் பதராகிவிடும். அப்பா மற்ற நேரங்களில் வரப்பிலிருந்து கத்திப் பேசுபவர், சூல் கட்டிய வயலில் இறங்கும்போது மட்டும் மெல்ல நடப்பார். சூல் என்ற சொல்லையும் யோசித்துப் பாருங்கள்.

செவிலி, ஸ்ரீராமபுரம்

சொல்வேலி ஐயா, உங்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் “பொருளை எடுத்துச் சொல்லுங்கள்” என்பதை ஏற்கமாட்டேன். பிரசவ வார்டில் பத்தொன்பது ஆண்டுகள் நின்றவள் சொல்கிறேன். வலியோடு வந்து உட்கார்ந்திருப்பவளிடம் இலக்கணம் பேச முடியாது.

நம் பெண்கள் இதைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? “முழுகாமல் இருக்கிறேன்” என்பார்கள். மாதவிலக்கு வராததால் தலை முழுகவில்லை என்பதை எவ்வளவு பக்குவமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள்! “நாள் தள்ளிப்போயிருக்கிறது”, “மாசமாக இருக்கிறாள்”, “உண்டாகியிருக்கிறாள்”, “வாயும் வயிறுமாக இருக்கிறாள்”. சில வீடுகளில் “பிள்ளையாண்டிருக்கிறாள்” என்பார்கள். ஒரு சொல்லாவது அந்த உள்ளுறுப்பின் பெயரைத் தொடுகிறதா? ஆடு மாட்டுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல் என்று பிரித்து வைத்தவர்கள் வேண்டுமென்றே பிரித்திருக்கிறார்கள். “என் மருமகள் சினையாக இருக்கிறாள்” என்று தெருவில் யாராவது சொல்வார்களா? சொன்னால் சண்டைதான் வரும். அகராதி அனுமதிக்கிறது என்பதற்காக அந்த வேலியைத் தாண்டலாமா?

தேன்மொழி, அந்தப் பெண் சொன்னது சரி. மாற்றுங்கள்.

யாழ், கோரமங்களா

நான் யாழ்ப்பாணத்தவள், இங்கே மேற்படிப்புக்கு வந்தேன். எங்கள் பாடப்புத்தகங்களில் சூலகம் என்றுதான் படித்தோம். சினைப்பை என்ற சொல்லை முதலில் இந்தியப் பத்திரிகையில் பார்த்தபோது எனக்கும் சற்றுத் திகைப்பாக இருந்தது. சூலகம் என்றால் காதுக்கு இதமாக இருக்கிறது, அக்கா.

சொல்வேலி

செவிலி அம்மாவின் வார்த்தையை மறுக்க எனக்கு அனுபவம் போதாது. கருப்பமுற்ற பெண்ணைச் சினை என்று யாரும் சொல்வதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருப்பத்தைக் குறிக்கும் சினை வேறு, முட்டையைக் குறிக்கும் சினை வேறு. சினைப்பையில் இருப்பது இரண்டாவது.

வயல்வெளியும் யாழும் சொன்ன சூல், அழகில் குறையாதது. திருமுருகாற்றுப்படையின் தொடக்கத்திலேயே “கார்கோள் முகந்த கமஞ்சூல் மாமழை” என்று கடல்நீரை முகந்த மேகம் நிறைசூலியாக வருகிறது. குறுந்தொகை 287-இல் கச்சிப்பேட்டு நன்னாகையார் இன்னும் நெருங்கிப் பார்க்கிறார். நிறைசுமையைத் தாங்கித் தளர்ந்து, நடக்கவும் முடியாமல், பச்சைப் புளிக்கு ஏங்கும் “கடுஞ்சூல் மகளிர் போல” மேகம் நீரைச் சுமந்துகொண்டு வானில் ஏறமாட்டாமல் குன்றை நோக்கி நகர்கிறதாம். புளி ஆசையைக்கூட விடவில்லை! எழுதியவர் பெண். சூல் என்ற சொல்லை ஒரு பெண்ணே பெண்ணுக்குச் சொன்ன சான்று இது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தாவரவியல் பாடத்தில் சூலகம் என்றால் பூவின் பெண் பாகம். சூல்முடி, சூல்தண்டு, சூற்பை என்று படித்த பிள்ளைகள் சூலகம் என்றால் செம்பருத்திப் பூவைத்தான் நினைப்பார்கள். விலங்கியல் பாடத்தில் அண்டகம் என்று வேறொரு சொல் வருகிறது. அண்டம் என்றால் ஊரில் வேறு உறுப்பை நினைப்பார்கள் என்பதை எல்லோரும் அறிவோம். ஆக மாட்டிலிருந்து தப்பிப் பூவுக்குப் போகிறோம்.

சந்தைக்காரன், சிவாஜிநகர்

நான் படித்தது பத்தாம் வகுப்பு. ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு மீன் வியாபாரம். சினை என்றதும் உள்ளே வந்தேன்.

மீனின் வயிற்றைக் கீறினால் இரண்டு பக்கமும் இரண்டு நீண்ட மஞ்சள் மடல்கள் இருக்கும், மெல்லிய தோலுக்குள் கடுகைவிடச் சிறிய முட்டைகள் ஆயிரக்கணக்கில். அதுதான் சினை. கத்தி பட்டுத் தோல் கிழிந்தால் முட்டையெல்லாம் பலகையில் சிதறிவிடும், அதனால் அந்த இடத்தில் அம்மா கத்தியை வைத்துவிட்டு விரலால்தான் எடுப்பார். கருவுற்ற வீட்டுக்கு வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் சினையைத் தனியாகப் பொதிந்து காசு வாங்காமல் கொடுப்பார். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. எதற்கு? மீன் சினை விட்டுக் குஞ்சு பொரிக்கட்டும் என்றுதான். அந்த இரண்டு மாதம் எங்கள் வருமானம் பாதியாகிறது, இருந்தும் அம்மா அதைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு அந்தச் சொல்லில் அசிங்கம் தெரியவில்லை. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

மல்லேஸ்வரம் வாசகி

நம்மைச் சுற்றிக் கன்னடத்திலும் இதே பிரிவினை இருக்கிறது. கர்ப்பம் என்பது பெண்ணுக்கு, அதே சொல் தேய்ந்து “கப்ப” என்றானது பசுவுக்கு. ஒரே வேர்தான், எழுத்தை உரசி மாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெண்ணுக்கு “பசிரு” என்றும் சொல்வார்கள், அது நம்முடைய வயிறு. மாநகராட்சி மகப்பேறு மருத்துவமனைப் பலகைகளில் “ஹெரிகெ ஆஸ்பத்ரே” என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஹெரிகெ நம்முடைய “பெறு” என்பதன் உடன்பிறப்பு. நம் பகரம் அங்கே ஹகரம். பிள்ளை பெறுதல், பேறுகாலம், மக்கட்பேறு, ஹெரிகெ. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஊர் நினைவு வருகிறது.

தேன்மொழி, ஹலசூரு

எல்லோருக்கும் நன்றி. தொழுவத்துக்காரர் ஐயா எழுதிய கடைசி வரி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. இன்று அந்தப் பெண் மறுபடி வந்தாள். மருந்து வாங்கும் வரிசையில் அவளோடு நின்றேன். அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

திருமணமாகி நான்கு ஆண்டுகள். பிள்ளை இல்லை. புகுந்த வீட்டில் வருபவர் போவோர் முன்னால் அவளைச் “சினை பிடிக்காத மாடு” என்று சொல்கிறார்களாம். “வறட்டு மாட்டை வைத்துத் தீனி போடுகிறோம்” என்றும் ஒருமுறை சொன்னார்களாம். அந்த வாரமே என் துண்டறிக்கையை அவள் கையில் கொடுத்திருக்கிறேன்.

அவள் முகத்தைப் பார்த்தபோது, வரிசையில் நின்றபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்வேலி ஐயா, நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. ஆனால் அதில் ஒரு வரியைக்கூட அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தொழுவத்துக்காரர்

அம்மா தேன்மொழி, ஒன்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். மாடு சினை பிடிக்கவில்லை என்று என்னிடம் கொண்டுவந்தவர்களிடம் நான் முதலில் கேட்டது தீவனம் என்ன, தாது உப்பு தருகிறீர்களா, பருவத்தை நேரத்தில் கவனித்தீர்களா, விந்துக்குழல் சரியாகப் பாதுகாக்கப்பட்டதா என்றுதான். ஒரு நாளும் மாட்டைக் குறை சொன்னதில்லை. மாட்டுக்கே அந்த நியாயம் உண்டு. அந்த வீட்டில் கணவருக்குச் சோதனை செய்தார்களா?

தேன்மொழி, ஹலசூரு

இல்லை, ஐயா. இதுவரை இல்லை.

வார்டுச் சுற்று

மருத்துவ மேற்படிப்பு மாணவி. இரவுப் பணி முடித்து இந்த இழையை முழுவதும் படித்தேன். இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஆங்கிலத்தில் ஓவரி என்றால் கௌரவம், தமிழில் சினைப்பை என்றால் இழிவு என்று நினைக்க வேண்டியதில்லை. ஓவம் என்பது லத்தீனில் முட்டை, கோழி முட்டை உட்பட. அதற்கு முன்பு ஐரோப்பிய உடற்கூற்று நூல்கள் இந்த உறுப்பைப் “பெண்ணின் விதைகள்” என்று ஆணின் உறுப்பை வைத்தே அழைத்தன. 1672-இல் ரெய்னியர் டி கிராஃப் எழுதிய பிறகுதான் இது முட்டை விளையும் இடம் என்ற எண்ணம் வேரூன்றியது. அவரும் முட்டையைக் கண்ணால் பார்க்கவில்லை, அதைச் சுற்றியுள்ள நுண்ணறையைத்தான் பார்த்தார். பாலூட்டியின் முட்டையை முதலில் கண்டவர் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர், 1827-இல், ஒரு நாயின் சினைப்பையில். மனித முட்டையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து லட்சத்துக்குக் குறையாமல் முதிராத முட்டைகளோடு பிறக்கிறது. அவற்றில் வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை ஏறக்குறைய 400.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். இந்த விவாதத்தில் எல்லோரும் சினையைப் பிடித்துக்கொண்டோம், அதே பெயரில் இருக்கும் “கட்டி”யை விட்டுவிட்டோம். என்னிடம் வரும் பெண்களில் பாதிப் பேர் நீர்க்கட்டி என்றதும் புற்றுநோயா என்று கேட்கிறார்கள், அறுவை சிகிச்சை எப்போது என்று கேட்கிறார்கள். பி.சி.ஓ.எஸ். என்ற நிலையில் ஸ்கேனில் தெரிபவை கட்டியே அல்ல. 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவில், முழுதாக முதிராமல் நின்றுவிட்ட முட்டைப் பைகள். ஸ்கேனில் பாசிமணி கோத்தது போல ஓரமாக வரிசையாகத் தெரியும். ஹார்மோன்களின் ஒழுங்கு குலைந்ததால் அவை நின்றுவிட்டன. உணவு, உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மாத்திரை என்று பலருக்கு மாதவிலக்கு சீராகிறது, பலர் கருவுறுகிறார்கள். துண்டறிக்கையில் இது முதல் வரியில் வர வேண்டும்.

செவிலி, ஸ்ரீராமபுரம்

இதுதான் பேச்சு. கட்டி என்ற சொல்லால் இரவெல்லாம் விழித்திருந்த பெண்களை எனக்குத் தெரியும். நன்றி, அம்மா.

சினைப்பையைப் பற்றி என் கருத்தும் சற்று இளகுகிறது. ஸ்கேன் மையத்தில் அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள், செய்தித்தாளில் அதுதான் வருகிறது. நம் தாளில் மட்டும் வேறு சொல் இருந்தால் அவள் இரண்டும் வேறு வேறு நோய் என்று நினைத்துக்கொள்வாள். அந்தச் சொல் ஒருமுறையாவது வந்தாக வேண்டும். எப்படி வர வேண்டும் என்பதுதான்.

தேன்மொழி, ஹலசூரு

நேற்றிரவு இப்படி எழுதினேன்:

“உங்கள் கருப்பையின் இருபுறமும், ஒரு பாதாம்பருப்பு அளவில், முட்டை விளையும் இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. மருத்துவர்கள் இவற்றைச் சினைப்பை என்பார்கள். உங்கள் ஸ்கேனில் தெரிந்தவை முதிராமல் நின்ற முட்டைப் பைகள். இவற்றை நீர்க்கட்டி என்று சொல்லும் வழக்கம் இருந்தாலும் இவை கட்டிகள் அல்ல, புற்றுநோயும் அல்ல. குழந்தை உண்டாகத் தாமதமானால் கணவருக்கும் பரிசோதனை செய்ய வேண்டும்.”

கடைசி வரி, தொழுவத்துக்காரர் ஐயா, உங்களுடையது.

இன்று காலை அவளிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். விரலை வரிக்கு வரி நகர்த்தினாள். “சினைப்பை” வந்த இடத்தில் விரல் நின்றது, பிறகு நகர்ந்தது. கடைசி வரியை இரண்டு முறை படித்தாள். இன்னொரு பிரதி கேட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: “வீட்டில் வைப்பதற்கு. டிவி மேலே.”

செவிலி, ஸ்ரீராமபுரம்

அச்சுக்குப் போகுமுன் எழுத்தைப் பெரிதாக்குங்கள், தேன்மொழி. கடைசி வரியைத் தனிப் பத்தியாகப் போடுங்கள். என் வார்டுக்கு இருநூறு பிரதிகள் வேண்டும், புதன்கிழமை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.